மோட்டாரோடு வந்து உட்கார்ந்தவர்கள்

எரிந்துபோன மோட்டார் காயில் கட்டும் கடைக்குத் தனியாக வந்ததே கிடையாது. கூடவே ஒரு ஆள் வருவார். மோட்டாரை இறக்கி வைப்பார், "எப்பக் கெடைக்கும்?" என்று கேட்பார், "நாளைக்கு சாயந்தரம்" என்ற பதிலையும் தலையாட்டி வாங்கிக்கொள்வார். அப்புறம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

டிவி கடை, வாட்ச் கடை, வெல்டிங் பட்டறை, நீங்கள் எது வைத்திருந்தாலும் இந்த ஆளை உங்களுக்குத் தெரியும். நாம் குனிந்தால் அவர் நிழல் வேலை மேல் விழும். நிமிர்ந்தால் அவர் தலை இடிக்கும். திருகாணியைக் கழற்றும்போது "இத்த ஏன் கழட்டறீங்க?" என்பார். மாட்டும்போது "இது இங்கதான் இருந்துச்சா?" என்பார். எனக்கு இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. நான் பொம்பளை.

என் அப்பா விழுப்புரத்தில் காயில் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கடைக்குத்தான் போவேன். பாவாடை தாவணி போட்ட வயதிலேயே கிணற்று மோட்டாரைத் தனியாகக் கட்டுவேன். 1993-ல் கல்யாணமாகித் திண்டிவனம் வந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கிணற்றில் இறங்கி மோட்டாரைக் கழற்றுவது, மாட்டுவது, பைப் இறக்குவது எல்லாம் அத்துப்படி. காயில் மட்டும் கட்ட வராது. அவர் கழற்றிக்கொண்டு வருவது, நான் கட்டுவது என்று பேசி வைத்துக் கடை போட்டோம். கடை திறந்த வாரமே ரெண்டு பேர், என் கையில் அவர்கள் மோட்டார் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை வாங்கித் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கே என் பழைய புடவை ஒன்றைக் கடைக்குக் குறுக்கே திரையாகக் கட்டினார். முன்பக்கம் அவரும் பெஞ்சும். பின்பக்கம் நானும் கம்பி சுற்றும் மிஷினும். கட்டுவது நான், பேர் அவருக்கு. வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல. இதை நீதான் கட்டினாய் என்று வெளியாள் ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆசை.

இருமல்

அந்த முதல் வருஷம் மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒரு விவசாயி மோட்டாரைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் நெல் அப்போது பால் பிடிக்கிற பருவம். தண்ணீர் நின்றால் கதிர் பதராகிவிடும். அந்தக் கவலையில் பெஞ்சில் உட்கார்ந்தவர் காலையிலிருந்து அசையவில்லை. பெஞ்சின் ஒரு கால் ஆடும். அவர் திரும்பும்போதெல்லாம் அது 'டொக்' என்று ஒரு சத்தம் போடும், அதை வைத்துத்தான் ஆள் இன்னும் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்டுத் திரையை விலக்கினார். உள்ளே நான் இருந்தேன், என் மடியில் அவர் மோட்டார் இருந்தது.

"இன்னா மேஸ்திரி, பொம்பளைய உட்டுக் கட்டிக்கினு கீற? நெல்லு பால் புடிக்கிற நேரம்யா இது. நீயே கட்டு. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார் வீட்டுக்காரரிடம்.

மோட்டாரின் இரும்பு வயிற்றுக்குள் சுற்றிலும் பள்ளங்கள் இருக்கும். செம்புக் கம்பிச் சுருள்களை ஒவ்வொரு பள்ளமாக இறக்க வேண்டும். அந்தச் சுருள்தான் காயில். ஒரு பள்ளம் மாறினாலும் மோட்டார் மறுபடி எரியும். சுருள்களை நான் முன்பே சுற்றி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து முன்பக்கம் உட்கார்ந்து அவற்றை இறக்க ஆரம்பித்தார். பழைய நூல் புடவை, என் பக்கம் இருட்டு, அவர் பக்கம் வெளிச்சம். எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவர் கை தப்பான பள்ளத்துக்குப் போனால் நான் இருமுவேன். கை அடுத்ததுக்கு நகரும். அதுவும் தப்பு என்றால் மறுபடி இருமுவேன். இப்படியே பாதி முற்பகல் போயிற்று. என் தொண்டை வறண்டுவிட்டது.

கடைசியில் ஏழுமலை எழுந்தார். "உன் சம்சாரத்துக்கு இருமலு ஜாஸ்தியா கீது மேஸ்திரி. மருந்து எதனா வாங்கிக் குடு. நான் பஜாருக்குப் போயி உரம் வாங்கிக்கினு வர்றேன்" என்று போனார். அவர் தலை மறைந்ததும் நான் மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் போட்டது எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். சாயந்தரம் ஏழுமலை வெறுங்கையோடு திரும்பினார். உரக்கடையில் ஸ்டாக் இல்லையாம். முடிந்திருந்த காயிலைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: "நான் எதிர்ல உக்காந்திருந்தா உன் கை ஓடல மேஸ்திரி. நான் அந்தாண்ட போனதும் பாரு, ஜல்தியா முடிச்சிட்ட."

பல்லி யார் முறை

ஏழுமலையின் நெல் தப்பித்தது. அவர் ஊர்ப் பக்கமிருந்து மேலும் சில மோட்டார்கள் வந்தன, எல்லாம் "மேஸ்திரி கைராசி" என்று. நான் திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். பிரசவத்துக்கு விழுப்புரம் போனபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அப்பா கடையில் உட்காருவேன். அங்கே திரை கிடையாது. வருகிற ஆட்களுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

அங்கே வளவனூர் பக்கத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒரு மோட்டாரோடு வந்தார்கள். ரெண்டு பேருக்கும் பொதுக் கிணறு. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. யார் முறையில் மோட்டார் எரிகிறதோ அவர்தான் செலவைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. எரிந்தது நடுச்சாமம், அண்ணன் முறை முடிந்து தம்பி முறை தொடங்கும் நேரம். அதனால் ரெண்டு பேரும் பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, நான் யாருக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் டீ குடிக்கப் போனால் இன்னொருத்தரும் கூடவே போனார். தனியாக விட்டால் என்னைச் சரிக்கட்டிவிடுவார் என்று பயம்.

பழைய காயிலை அறுத்து எடுத்தபோது உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. "ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, பல்லிதான் உள்ள பூந்து எரிச்சிருக்கு. செலவ ஆளுக்குப் பாதியாப் போட்டுக்கங்க" என்றேன். அண்ணன் உடனே தலையாட்டினார். தம்பி மட்டும் பல்லியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "எரிஞ்சது வேணா என் முறையில எரிஞ்சிருக்கலாங்க. ஆனா பல்லி உள்ள பூந்தது அவரு முறையில."

காற்று வரவில்லை

திண்டிவனம் திரும்பினேன், திரைக்குப் பின்னால் மறுபடி உட்கார்ந்தேன். மேலும் ரெண்டு மூணு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு கோடையில் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஆறேழு பேர் ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள். குப்பத்துக்கே குடிதண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அது. வீட்டுக்காரர் வேறு ஊரில் கிணற்றில் இருந்தார். "மேஸ்திரி இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்.

"மேஸ்திரி இல்லன்னா இன்னா, மிஷின் சத்தம் கேக்குதே, யாரு சுத்தறது?" என்றார் ஒரு பெரியவர். நான்தான் என்றேன். "அப்ப நீயே கட்டுமா. ஊட்ல குடிக்கத் தண்ணி இல்ல" என்று மோட்டாரை உள்ளே உருட்டினார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தோம் என்று எனக்கு ஆகிவிட்டது. ஆறேழு பேரும் பெஞ்சு கொள்ளாமல் நின்றார்கள். புழுக்கம் தாங்கவில்லை. காற்று வரவில்லை என்று ஒருத்தர் திரையை அவிழ்த்து மடித்து என் பக்கத்தில் வைத்தார். அதற்கப்புறம் அந்தத் திரையை நான் கட்டவில்லை.

காயில் இறக்கி முடித்ததும், கம்பிகள் விலகாமல் இருக்க நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுமா" என்று ஊசியை வாங்கி, வலை பின்னுகிற முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தேன், மயிரிழை அசையவில்லை. இன்றுவரை நான் போடுவது அந்த முடிச்சுதான். அதுவரை நான் போட்டிருந்த முடிச்சுகளை அவர் நகத்தால் தட்டிக் காட்டிச் சொன்னார்: "காயிலு நல்லாத்தான் கட்டற. ஆனா வலைய இப்டிக் கட்டினம்னா மீனு நம்மளப் பாத்து சிரிக்கும்மா."

ஒரு தபா பார்த்துடுங்க

திரை இல்லாத கடைக்கு ஏழுமலை மறுபடி வந்தார். அவர் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கட்டக் கட்டப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும், இந்த முறையாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீங்க ஒரு தபா பாத்துடுங்க."

வீட்டுக்காரர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து மோட்டாரைச் சுற்றித் துடைத்தார். குனிந்து உள்ளே பார்த்தார். தலையாட்டினார். அவருக்கு அதில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறமும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஏழுமலை மோட்டாரோடு வருவார். மற்றவர்கள் எல்லாம் மெல்ல மெல்ல என்னிடமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவர் மட்டும் மாறவில்லை. நான் கட்டுவேன், அவர் பார்ப்பார், கடைசியில் இதே வாக்கியம், இதே துணி. வீட்டில் நான் கத்துவேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நான் இன்னா பண்ணட்டும், நம்ம பார்ட்டி கேக்கறாரு" என்பார்.

தீர்த்தம்

காயில் கட்டினபிறகு வார்னிஷ் ஊற்றி, உள்ளே ஒரு பெரிய பல்பை எரியவிட்டுக் காயவைப்போம். காய்வதற்குள் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. ஒரு பௌர்ணமி அன்று தன் மோட்டாரைக் கட்டக் கொடுத்திருந்த ஒரு அம்மா, திருவக்கரை கோயிலுக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தார். உட்காரமாட்டார், நின்றுகொண்டே இருப்பார், அந்த ரகம். நான் போன் பேச எழுந்து போன நேரத்தில், கொண்டுவந்த தீர்த்தத்தைக் காயில் மேல் தெளித்து, குங்குமமும் வைத்துவிட்டார். புது மோட்டார் கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் பூஜை போடுவது எல்லாரும் செய்வதுதான். இவர் கிணறு வரைக்கும் காத்திருக்கவில்லை.

கரண்ட் கசிகிறதா என்று பார்க்க ஒரு மிஷின் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் முள் நகரும். முள் பூஜ்யத்தில் விழுந்தால் மோட்டார் தேறாது. சுற்றினேன், முள் போய்ப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பாருங்கம்மா, தண்ணி ஊத்திக் கெடுத்துட்டீங்க. மறுபடி காய வெக்கணும்" என்று முள்ளைக் காட்டினேன். அந்த அம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "அம்மன் தண்ணி பட்டு மோட்டாரு கெடுமா? உன் முள்ளுக்குத்தான் கண்ணு பட்டுக்கீது. இத்த சுத்திப் போடு."

துபாயிலிருந்து ஒரு பெஞ்சு

வீடியோ போன் எல்லார் கைக்கும் வந்தபிறகு பெஞ்சில் இடமும் பெருகிவிட்டது. ஒரு பெரியவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதில் துபாயில் இருக்கும் அவர் மகன். "கம்பி என்னா சைஸ் போடறீங்க? கொஞ்சம் கிட்ட காட்டுங்க. இன்னும் கிட்ட. வெளிச்சம் பத்தல" என்று அங்கிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளையாவது டீ குடிக்க அனுப்பலாம். துபாய்க்காரரை எங்கே அனுப்புவது?

மூன்றாவது தடவை நான் கம்பியைத் தூக்கிக் காட்டியபோது பெரியவருக்கே கை வலித்துவிட்டது. போனைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னார்: "டேய், நீ போன வை. அந்தம்மாவப் பேஜாரு பண்ண நான் ஒருத்தன் இங்க உக்காந்துக்கினு இருக்கறது போதும்."

மறுபடி இருமல்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டு வீட்டில் இருந்தேன். கடையில் எங்களிடம் வேலைக்கு இருந்த குமார் கட்டினார். நல்ல வேலைக்காரர், விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். ஒரே குறை, யாராவது தப்பு சொன்னால் முகம் சுண்டிவிடும்.

ஒரு நாள் காலையில் வீட்டுக்காரரிடமிருந்து போன். ஏழுமலை வந்திருக்கிறாராம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கிற நேரத்தில் மோட்டார் எரிந்துவிட்டதாம். குமார் உடனே கட்டித் தருகிறேன் என்றும் அவர் விடவில்லையாம். "அம்மா வரட்டும், அதுவரைக்கும் யாரும் கை வைக்க வாணாம்" என்று மோட்டார் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். முதலில் எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன்.

ஏழுமலைக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. மாவுக்கட்டைக் காட்டி, "எப்பிடிண்ணா கட்டுவேன்? பயிரு காயுது, குமாரே கட்டட்டும்" என்று சத்தம் போட்டேன்.

"கட்ட வாணாம். சும்மா இப்டி உக்காரு" என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். கடை திறந்து இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கால் 'டொக்' என்றது. குமார் காயில் இறக்க ஆரம்பித்தார். சொல்லக் கூடாது, அவர் மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அது பழைய மாடல் மோட்டார், கொஞ்சம் வேற மாதிரி போட வேண்டும். குமார் கை ஒரு பள்ளம் தள்ளிப் போனது. என்னை அறியாமல் தொண்டை தானாக இருமிவிட்டது.

ஏழுமலை குமார் பக்கம் சாய்ந்தார். "தம்பி, அத்த எடுத்துட்டுப் பக்கத்துல போடு. அம்மா இருமறாங்க பாரு."

குமார் ஒன்றும் புரியாமல் பார்த்தார். வீட்டுக்காரர் கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"அன்னைக்கே தெரியுமாண்ணா?" என்றேன்.

"மொதல்ல பயந்துதான் உன் ஊட்டுக்காரரக் கட்டச் சொன்னேன். இவரு தப்பா கை வைக்கசொல்லோ எல்லாம் நீ கரீட்டா இருமின. சரி, வேலை தெரிஞ்சவ உள்ளதான் கீறான்னுட்டு, உரம் வாங்கறேன்னு எழுந்து போனேன். பால் புடிச்ச நெல்லுக்கு எவன்மா உரம் போடுவான்?"

உரம் எப்போது போடுவார்கள் என்று காயில் கடைக்காரியான எனக்கு எப்படித் தெரியும்? வெறுங்கையோடு அவர் திரும்பி வந்து நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நான் கட்டினேன் என்று தெரிந்த ஒரு ஆள், இருபது வருஷத்துக்கு மேல் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கோபம்தான் முதலில் வாயில் வந்தது. "அப்பறம் எதுக்கு ஒவ்வொரு தபாவும் 'மேஸ்திரி பாத்துடுங்க, மேஸ்திரி பாத்துடுங்க'ன்னு என் உயிர வாங்கினீங்க?"

ஏழுமலை வீட்டுக்காரரையும் அவர் கையிலிருந்த துணியையும் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அவருக்கும் எதனா ஒரு வேலை குடுக்கணுமில்ல?"

ஆடுகிற அந்தப் பெஞ்சைத் தூக்கி எறிய வேண்டும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த நான், போன வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு அதற்குப் புதுக் கால் போடச் சொன்னேன், அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டுமிருந்தேன்.